ஆத்திரக்காரனும் ஆத்திர நேரமும்
(காரைக்குடியில் ஒரு மனநல மருத்துவர் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சின்ன விளையாட்டு. இந்த அட்டையைப் பாருங்கள். ‘சிவப்பு’ என்று எழுதியிருக்கிறது, ஆனால் எழுதிய மை பச்சை. அடுத்த அட்டையில் ‘மஞ்சள்’ என்று இருக்கிறது, மை நீலம். எழுத்தை வாசிக்காதீர்கள். மை என்ன நிறம் என்று மட்டும் சட்டென்று சொல்லுங்கள். பார்த்தீர்களா, முன்வரிசை ஆச்சி ‘சிவப்பு’ என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு தம்பி ‘சி...’ என்று ஆரம்பித்து, நிறுத்தி, ‘பச்சை’ என்றார். அந்தச் ‘சி’க்கும் ‘பச்சை’க்கும் நடுவே தம்பி ஒரு கணம் நின்றாரே, நான் பேச வந்தது அந்தக் கணத்தைப் பற்றித்தான்.

இது ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் 1935-ல் வெளியிட்ட சோதனை. இதில் தடுமாறாமல் ஜெயிக்கக்கூடியவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் மட்டும்தான். நமக்கெல்லாம் வாசிப்பு ஊறிப்போன பழக்கம், கண் பட்டதும் வாய் வாசித்துவிடும். அந்தப் பழக்கத்தின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கேட்ட வேலையை முன்னால் அனுப்புகிற திறமையை ‘காக்னிட்டிவ் கன்ட்ரோல்’ என்கிறார்கள். தமிழில் ‘அறிதிறன் கட்டுப்பாடு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் நாக்கில் ஒட்டவில்லை. நம் வீடுகளில் ‘நிதானம்’ என்று ஒரு நல்ல சொல் புழங்குகிறது. இந்த மாலைக்கு அது போதும்.

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியோடு எனக்குப் பாதி சம்மதம், பாதி சண்டை. ஆத்திரம் ஏறினால் புத்தி மட்டுப்படும் என்பது சரி. சண்டை அந்தக் ‘காரன்’ என்ற விகுதியோடுதான். அது ஒரு நேரத்தின் நிலையை எடுத்து ஓர் ஆளின் நெற்றியில் ஒட்டிவிடுகிறது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். என்னிடம் வந்த மூன்று பேரைச் சேர்த்து ஒருத்தியாக்கியிருக்கிறேன், ஆகையால் யாரும் அடையாளம் தேட வேண்டாம். வயது இருபத்திரண்டு. சித்திரை மாத வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த சுடிதார் போட்டுக்கொண்டு வந்தார். கூட அம்மா. உட்காரும் முன்பே அம்மா சொன்னார்: “டாக்டரய்யா, இவ வேணும்னே பண்றா. எங்க வீட்டுல யாருக்கும் இந்தப் புத்தி கெடையாது.” நடந்தது இவ்வளவுதான். தோழிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அங்கே நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. நாற்பது நிமிஷத்துக்குள் பதினேழு செய்திகள். முதல் செய்தி ‘சாப்டியா’. ஏழாவது ‘என்னைப் பிடிக்கலேன்னா சொல்லிரு’. கடைசியில் இருந்ததை இந்த மேடையில் படிக்க முடியாது. பிறகு கைபேசி சுவரில் மோதி உடைந்தது. அதன் பிறகு நடந்ததை மறைக்கத்தான் அந்த முழுக்கைச் சட்டை. தோழி அந்த நேரத்தில் பேருந்தில் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் காலையில் இந்தப் பெண் அவள் காலில் விழாத குறையாக அழுதிருக்கிறார்.

நான் தொழிலுக்குப் புதிதாக வந்த காலத்தில் இப்படி ஒருவரிடம், “கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணிக்கம்மா” என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து, “பண்ண முடிஞ்சா பண்ணமாட்டேனா சார்?” என்றார். படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் மூளை ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

நோயின் பெயர் ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்’, எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இந்த ‘எல்லை’ என்ற சொல்லைப் போட்டார். பதற்ற நோய்க்கும் புத்தி பேதலிப்புக்கும் நடுவில் நிற்கிறவர்கள் என்று அவர் எண்ணம். அந்தக் கருத்து போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1980-ல் அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலில் இது முறையாக ஏறியது. இப்போதைய பட்டியலில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன: கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், இன்று தெய்வம் நாளை துரோகி என்று மாறும் உறவு, நான் யார் என்பதிலேயே ஆட்டம், அவசர புத்தி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, மணிக்கு மணி மாறும் மனநிலை, உள்ளே ஒரு வெறுமை, அடங்காத கோபம், நெருக்கடியில் வரும் சந்தேகமோ மரத்துப்போன நிலையோ. இவற்றில் ஐந்து இருந்தால் நோய் என்பது விதி. ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ எத்தனை விதமாகச் சேரும்? 256 விதம். இது கணக்கு எழுதிய ஊர், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரின் கீழ் 256 வகை மனிதர்கள் நிற்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு இந்தப் பெயரோடு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அமெரிக்காவில் பொதுமக்களிடையே எடுத்த பெரிய கணக்கெடுப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். நம் பக்கத்திலும் யோசித்துப் பாருங்கள். தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிகிற ஆம்பளைக்கு ‘கோபக்காரர்’ என்று மரியாதையான பட்டம், அவர் சாப்பிடும்போது யாரும் பேசுவதில்லை. அதே தட்டை மருமகள் எறிந்தால் அன்று சாயங்காலமே டாக்டரோ பூசாரியோ வந்துவிடுவார்கள்.

சரி, மூளைக்குள் போவோம். மற்ற ஊர்களில் இந்த இடத்தில் நான் கஷ்டப்படுவேன். இங்கே கவலையில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. மூளையும் மின்வேதியியல்தான். ஒவ்வொரு நரம்பணுவும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உள்ளும் புறமுமாகப் பிரித்து வைத்து, ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் அழுத்தம் வைத்திருக்கிற குட்டி பாட்டரி. இந்தப் பாட்டரிகளுக்குச் செலவு அதிகம். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருக்கிற மூளை, உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறதோ அங்கே ரத்தம் அதிகம் பாயும். எஃப்எம்ஆர்ஐ என்ற படக்கருவி பார்ப்பது அந்த ரத்தத்தைத்தான், எண்ணத்தை அல்ல. அடுப்படியில் புகை வருவதைப் பார்த்து சமையல் நடக்கிறது என்று சொல்லலாம், வேகிறது கும்மாயமா குழம்பா என்று சொல்ல முடியாது.

நம் தாத்தாமார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்தினார்களே, அதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மேலாள் உண்டு, அடுத்தாள் உண்டு, பெட்டியடிப் பையன் உண்டு. ராத்திரி ஏதோ சத்தம். முதலில் எழுந்து ‘திருடன்’ என்று கத்துவது பெட்டியடிப் பையன். மேலாள் விளக்கை எடுத்துவந்து பார்த்து, “பூனைடா, படு” என்பார். காதுக்கு உள்பக்கமாக, பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் பையன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி மேலாள். பையன் கத்துவது குற்றமில்லை. அவன் கத்தாவிட்டால் ஒருநாள் உண்மையான திருடன் பெட்டியோடு போய்விடுவான். பையனின் குரல் எவ்வளவு பெரிது, மேலாள் எவ்வளவு சீக்கிரம் விளக்கோடு வருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. (உவமையை ரொம்பவும் நம்பாதீர்கள். மூளையில் கிட்டங்கி மாதிரி தனித்தனிப் பெட்டியும் பாயும் கிடையாது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.)

2003-ல் யேல் பல்கலைக்கழகத்து டோனெகன் குழு, இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு முகங்களின் படங்களைக் காட்டியது. சிரித்த முகம், சோக முகம், பயந்த முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத வெறும் முகம். மற்றவர்களைவிட இவர்களுக்கு அமிக்டலா அதிகமாக எழுந்தது. வெறும் முகத்தைப் பார்த்துச் சிலர், இது என்னை மிரட்டுகிறது என்றார்கள். ஒரு நிமிஷம் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அப்பச்சி பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகத்தில் இந்தப் பெண் கோபத்தைப் படிக்கிறாள். ‘நான் என்ன பண்ணினேன்’ என்று சண்டைக்கு வருகிறாள். உண்மையாகவே ஒன்றும் நினைக்காத மனிதருக்கு அப்போதுதான் கோபம் வருகிறது. ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ என்று அவள் கணக்கு நேராகிவிடுகிறது.

முகம் போகட்டும், மேலாள் என்ன ஆனார்? 2007-ல் டேவிட் சில்பர்ஸ்வைக் குழு நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தது. திரையில் சொற்கள் வரும். எழுத்து நேராக இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சாய்ந்திருந்தால் அழுத்தக் கூடாது. சொல்லின் பொருள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சில சொற்கள் சாதாரணம், சில மனத்தைக் குத்துபவை. கையை நிறுத்த வேண்டிய நேரமும் குத்துகிற சொல்லும் சேர்ந்து வந்தபோது, மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு முன்மூளையின் நடு அடிப்பகுதியில் வேலை குறைந்தது. உணர்ச்சியின் நடுவே கையைப் பிடித்து நிறுத்துவதில் பங்குள்ள இடம் அது. ஜெர்மனியில் 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு, நான் காட்டினேனே அந்த நிற அட்டை விளையாட்டையே வேறு மாதிரி செய்தது. ஒவ்வொருவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த வலிக்கிற சொல்லை நிற மையில் எழுதிக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு நிதானத்துக்கு உதவும் பகுதிகள் கூடுதலாக வேலைக்கு வந்தன. இவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆள் வரவில்லை.

இவர்களுக்கு ‘சிவப்பு’, ‘பச்சை’ அட்டையைக் கொடுத்துப் பார்த்தால் உங்களையும் என்னையும் போலவே சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தேர்வில் நல்ல மார்க் வாங்குகிறார்கள், பாங்கில் வேலை பார்க்கிறார்கள், தோழியின் கல்யாணத்தை முன்நின்று நடத்துகிறார்கள். நிதானம் இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? ‘விட்டுட்டுப் போயிருவாங்க’ என்ற நரம்பை ஏதாவது தொட்டால் அந்த நேரம் நிதானம் கைக்கு எட்டுவதில்லை. ஆகவேதான் வீட்டார், “ஆபீஸ்ல ஒழுங்கா இருக்கா, இங்க மட்டும் ஆடுறா, அப்ப நடிப்புதானே?” என்று கேட்கிறார்கள். அவரை விட்டுப் போய்விடக்கூடிய, அவருக்கு வேண்டிய ஆட்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆபீஸ் மேனேஜர் விட்டுப் போனால் யாருக்கு என்ன?

அடுத்ததை இந்த ஊரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, புரூக்ஸ் கிங்-காசாஸ், ரீட் மாண்டேக் முதலியோர் செய்தது. ஒரு கொடுக்கல் வாங்கல் விளையாட்டு. இரண்டு பேர், பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதல் போடுகிறவர் கையில் இருபது காசு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எதிராளிக்கு அனுப்பலாம். போகும் வழியில் அது மூன்று மடங்காகும். எதிராளி அதில் தனக்குத் தோன்றியதைத் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, நாணயம் ஒன்றுதான். பெறுகிற இடத்தில் இந்தக் கோளாறு உள்ள 55 பேரும் கோளாறு இல்லாத 38 பேரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். முதல் போட்டவர்கள் எல்லோரும் கோளாறு இல்லாதவர்கள்.

நாலைந்து சுற்று ஓடிய பிறகு எங்காவது ஒரு மனக்கசப்பு வரத்தான் செய்யும். பதினைந்து போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நாலு போடுகிறார். அந்த நாலு பன்னிரண்டாகி எதிராளி கைக்கு வருகிறது. மற்றவர்கள் இந்த இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பன்னிரண்டில் கொஞ்சம் தாராளமாகவே திருப்பிக் கொடுத்தார்கள். ‘கோவிச்சுக்காதீங்க, நாம ஒண்ணா இருப்போம்’ என்று பணத்தாலேயே சொன்னார்கள். முதல் போட்டவர் மனம் இளகி அடுத்த சுற்றில் கூட்டிப் போட்டார். நடையாய் நடந்து வசூல் செய்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சூட்சுமத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோளாறு உள்ளவர்கள் அந்தச் சமாதானக் காசை அவ்வளவாகக் கொடுக்கவில்லை. சுற்றுப் போகப் போக முதல் சுருங்கிக்கொண்டே போயிற்று.

அவர்கள் கருமிகள் என்றுதானே நினைப்பீர்கள்? மூளைப் படத்தில் தெரிந்தது வேறு. இன்சுலா என்று ஒரு பகுதி, உடம்பின் உள்நிலையைச் சொல்வது, அசிங்கம், அநியாயம் என்று உறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மற்றவர்களுக்கு அது இரண்டு இடத்தில் எழுந்தது: தாம் குறைவாகத் திருப்பிக் கொடுக்கும்போதும், எதிரிலிருந்து குறைவாக வரும்போதும். கோளாறு உள்ளவர்களுக்குத் தாம் குறைவாகக் கொடுக்கும்போது எழுந்தது. தங்களுக்குக் குறைவாக வந்தபோது எழவில்லை. நாலு காசு வந்தது அவர்களுக்குத் தெரிகிறது. ‘ஐயோ, ஏதோ முறியப்போகிறது, ஒட்டவைக்க வேண்டும்’ என்ற மணி உள்ளே அடிக்கவில்லை. உலகத்திடம் எதிர்பார்த்ததே நாலு காசுதான் என்கிறவருக்கு நாலு காசு வந்தால் அதிர்ச்சி எதற்கு?

இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பதினேழு செய்திகள்தான் நினைவுக்கு வந்தன. பதில் வராததில் அந்தப் பெண் அதிர்ந்துபோனாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவள் அதிரவில்லை. எப்போதும் நடக்கும் என்று தெரிந்தது நடந்துவிட்டது என்று இருந்திருக்கிறாள். சின்ன வயசில் அடி, அசட்டை, கெட்ட தொடுதல் இவற்றைப் பார்த்தவர்கள் இந்த நோயில் அதிகம். எல்லோரும் அப்படி இல்லை, நல்ல வீட்டிலிருந்தும் வருகிறார்கள், பரம்பரைக்கும் கணிசமான பங்கு உண்டு. ஆனால் உண்மையான திருடர்களைப் பார்த்து வளர்ந்த பெட்டியடிப் பையன், பூனைக்கும் கத்தத்தான் செய்வான்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுக்காரன். சில்பர்ஸ்வைக் ஆய்வில் இருந்தவர்கள் எத்தனை பேர்? கோளாறு உள்ளவர்கள் 16, இல்லாதவர்கள் 14. ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். 256 வகை மனிதர்கள் இருக்கக்கூடிய நோய்க்குப் பதினாறு பேர் எப்படிப் போதும்? மற்றவர்கள் திருப்பிச் செய்த ஆய்வுகளில் சில ஒத்துப்போகின்றன, சில ஒத்துப்போகவில்லை. 2009-ல் கிரெய்க் பென்னெட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு காரியம் செய்தார். செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்டார். கணக்கைச் சரியாகத் திருத்தாமல் போட்டால், செத்த மீனின் மூளையிலும் ‘வேலை நடப்பதாக’ப் புள்ளி எரிந்தது! கணக்கில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். 2012-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அசல் பரிசே கொடுத்திருக்கலாம்.

அதனால் “டாக்டர், ஸ்கேன் எடுத்தா இந்த நோய் தெரிஞ்சுருமா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தெரியாது. இன்றைக்கு எந்த ஸ்கேனும் ஒரு தனி மனிதருக்கு இந்த நோய் இருக்கிறதா என்று சொல்லாது. அந்தப் படங்கள் ஒரு கூட்டத்தின் சராசரி. வேறு காரணத்துக்காக மருத்துவர் எடுக்கச் சொன்னால் எடுங்கள். ‘மூளையில ஏதாச்சும் இருக்குதான்னு பாத்துருவோம்’ என்று நீங்களாக நகையை அடகு வைக்காதீர்கள். இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரையும் கிடையாது. கூடவே மனச்சோர்வு போன்றவை இருந்தால் அதற்கு மாத்திரை தருவோம். ஆளுக்கு ஐந்தாறு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவதை வைத்தியமாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அப்படியானால் என்னதான் வழி? அமெரிக்காவில் மாக்லீன் ஆஸ்பத்திரியில் மேரி சானரினி 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கோளாறோடு உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைப் பதிவு செய்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேடிப்பிடித்துப் பார்த்தார். பத்து வருஷக் கணக்கு 2010-ல் வந்தது. நூற்றுக்கு 93 பேருக்குக் குறைந்தது இரண்டு வருஷம் நோய்க்குறி அளவுகோலுக்குக் கீழே போயிருந்தது. உறவும் வேலையும் கூடி முழுதாக எழுந்து நின்றவர்கள் பாதிப் பேர். அந்த மறுபாதியை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நான் படித்த காலத்தில், ‘இது ஆயுசுக்கும் மாறாத குணம்’ என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘காரன்’ என்ற விகுதியை எங்கள் பாடப்புத்தகமும் வைத்திருந்தது. 93 என்ற எண் அதை அழித்துவிட்டது.

இந்த வைத்தியத்தில் பெரிய பெயர் மார்ஷா லீனஹன். அவர் உண்டாக்கிய பேச்சு மருத்துவமுறை, டிபிடி என்பார்கள், 1991-ல் சோதனையில் பலன் காட்டியது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, ஆஸ்பத்திரியில் படுக்கிற நாட்கள் குறைந்தன. இருபது வருஷம் கழித்து, 2011-ல், அவரே வெளியே சொன்னார்: 1961-ல் பதினேழு வயதில் ஹார்ட்ஃபோர்ட் மனநல மருத்துவமனையில் தானும் ஒரு நோயாளியாகக் கிடந்தவர்தான் என்று. நோயாளி ஒருவர் இவர் கையின் பழைய தழும்புகளைப் பார்த்து, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டாராம்.

அவர் கற்றுக்கொடுப்பவற்றில் ஒன்று, உணர்ச்சி உச்சிக்குப் போனால் மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைப்பது. தண்ணீர் முகத்தில் பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு இறங்கும், பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள அனிச்சைச் செயல் அது. (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.) இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தேவகோட்டைப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நான் கத்தினால் அப்பத்தா சொல்வது ஒன்றுதான்: “மொதல்ல போயி மூஞ்சியக் கழுவிட்டு வா, பெறகு பேசு.” ரெண்டாங்கட்டில் தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். எங்கள் அப்பத்தாவுக்கு நரம்பியல் தெரியாது. ஆனால் பையன் கத்திக்கொண்டிருக்கும்போது மேலாளோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரியும்.

இன்னொன்று வீட்டாருக்கு. “இதுக்கெல்லாமா அழுவாங்க?” என்ற வாக்கியத்தை ஒரு வருஷத்துக்கு நிறுத்திப் பாருங்கள். எளிதில் பற்றிக்கொள்ளும் மனமும், ‘நீ உணர்வது தப்பு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் வீடும் சேர்ந்தால் இந்த நோய் வளரும் என்பது லீனஹன் கருத்து. அவர் செய்ததைச் சரி என்று சொல்ல வேண்டாம். கைபேசியை உடைத்தது தப்புதான். ‘பதில் வரலேன்னு பயந்துபோயிட்ட’ என்று முதலில் சொல்லிவிட்டு, உடைந்த கைபேசியைப் பற்றி மறுநாள் பேசுங்கள். டிபிடி ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட ஒரு சிறு குழுவில் அமிக்டலாவின் கொதிப்பும் இறங்கியதாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன ஆய்வுதான், மீனை மறக்காதீர்கள்.

நிதானம் உள்ளே வரத் தாமதமாகிற நேரத்தில் அதை வெளியிலிருந்து கடன் கொடுக்க முடியுமா? முடியும். சென்னையில் 1986-ல் தற்கொலைத் தடுப்புக்காகச் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொதுக் காப்பறை கட்டியது. வீட்டில் மருந்து இராது. ஆளுக்கொரு பெட்டி, பூட்டு, காப்பாளர். வயலுக்கு வேண்டும்போது போய் எடுக்கலாம். வேறு இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டபோது, காப்பறை இருந்த கிராமங்களில் தற்கொலையும் முயற்சியும் நன்றாகக் குறைந்ததென்று 2013-ல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது எல்லைக்கோட்டு நோயை அல்ல, ஆனால் சங்கதி ஒன்றுதான். வீட்டுக்கும் காப்பறைக்கும் நடுவில் நடக்கிற தூரத்துக்குள் மேலாள் விளக்கோடு வந்துவிடுகிறார்.

அந்தப் பெண் இதைக் கேட்டுவிட்டுத் தானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் கைபேசியைத் தன் அப்பத்தாவிடம் கொடுத்துவிடுவது. “ஒரு மணி நேரம் கழிச்சுக் குடுங்க, நான் அழுது கேட்டாலும் குடுக்காதீங்க.” அப்பத்தா அதை இடுப்பில் செருகிக்கொண்டு பட்டாலையில் படுத்துவிடுவார். இரண்டு தடவை அழுது கேட்டிருக்கிறார், கிழவி அசையவில்லை. மூன்றாம் தடவை அழவில்லை. அவர் கணக்கெழுதும் வேலைக்குப் போய் இப்போது ஒரு வருஷம் ஆகிறது. நடுவில் ஒருமுறை சறுக்கினார், மறுபடி வந்தார்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நம் பக்கத்தில் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. இங்கிருந்து தொலைவில்லை. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல், 28 பேர் செத்தார்கள். கட்டிப்போடுவதற்கும் கட்டுப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகச் சட்டம். உயிரை விட முயன்றவரைப் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து, ‘தவறிக் குடிச்சுட்டா’ என்று டாக்டரிடம் பொய் சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2018 மே முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், வைத்தியம் சரியாக நடக்கும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கோயிலுக்கும் போங்கள், அங்கேயும் போங்கள்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. பணம் கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இங்கே இருக்கிற எல்லோரும் கைபேசியை எடுங்கள். பின்வரிசைத் தம்பிகள் ஏற்கெனவே கையில்தான் வைத்திருக்கிறீர்கள். ஒன்று, நாலு, நாலு, ஒன்று, ஆறு. எண்ணைப் போட்டுச் சேமித்துவிட்டு எழுந்திருங்கள், நான் அதுவரை இங்கேயே நிற்கிறேன்.